அக்காவின் ஆறு நாற்காலிகள்

டிசம்பர் 29, ஞாயிறு

பத்து மணி ரயிலில் என் மனைவியை ஏற்றிவிட்டு வந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறை என்று ஒன்பது நாள் வீட்டில் இருந்தாள். போன தடவை ஆறு நாள்தான். அதனால் இந்தத் தடவை நிறைய இருந்துவிட்டாள் என்று எனக்கு ஒரு திருப்தி.

காலையில் அவள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள். "ஏம்மா, வந்ததுல இருந்து பெட்டிய தரையிலயே வச்சு எடுத்துக்கிட்டிருக்கீங்க? அலமாரியில வச்சா என்ன?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எந்த அலமாரியிலடி? இந்த வீட்டுல நான் நாலு துணி வைக்க ஒரு இடம் காட்டு, வச்சுக்கிறேன்."

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன். ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் பாதி வழியில்தான் சுருக்கென்றது. ஒன்பது நாளும் என் மனைவி விருந்தாளி மாதிரி குனிந்து குனிந்து பெட்டியிலிருந்து துணி எடுத்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லையா? கவனித்தேன். கவனித்தும் —

டிசம்பர் 30

படுக்கையறை அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். மூன்று கதவு. இடது பக்கம் என் துணிகள், அதில் பாதி எப்போதோ மூடிப்போன கம்பெனியின் சீருடை. நடுவில் முழுக்க அக்காவின் சாமான்: கம்பளிகள், பீங்கான் செட், தையல் மிஷினின் மூடி. (மிஷின் எங்கே?) அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவள், ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கிறாள். அவள் சாமான் இங்கே இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் புதுசாகத் தெரிவது போல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வலது பக்கம் என் மனைவியுடையது. உடையதாக இருந்தது. இப்போது அங்கே லிஃப்ட் கதவு உருளைகள் ஒரு பை, சின்ன மோட்டார் இரண்டு, பிஸ்கட் டின் நிறையப் பித்தளைப் பட்டன்கள். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன். கழற்றிய எதையும் தூக்கிப்போட எனக்கு மனசு வராது. என்றைக்காவது உதவும் என்று எடுத்து வருவேன். உதவியது ஒரே ஒரு தடவை.

அவள் இடத்தை யாரும் ஒரே நாளில் பிடுங்கவில்லை. ரெண்டு வருஷம்தான் என்று சொல்லி வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போனாள். ஆறு வருடமாகிவிட்டது. முதலில் ஒரு பை வைத்திருப்பேன். அப்புறம் பக்கத்தில் இன்னொரு பை.

டிசம்பர் 31

மகளுக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். மூன்று வயதிலேயே எங்கள் இருவரையும் வேலை வாங்கியவள். இன்று கிறிஸ்துமஸ் அலங்காரங்களைக் கழற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அம்மா என்ன முடிவு பண்ணாங்கப்பா?"

என்ன முடிவு?

அவள் முகம் மாறிவிட்டது. "உங்ககிட்ட சொல்லலையா?"

ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் கேட்கிறார்களாம். வார்டு முழுக்க அவள் பொறுப்பாம். அதே சமயம் இங்கே, நம் ஊர் கிளினிக்கிலும் ஒரு இடம் காலியாம். ஜனவரி கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஒன்பது நாள் என்கூட ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கா. ஒரு வார்த்தை சொல்லல. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு. மேனேஜரிடம் கத்தினேன், அவள் என்ன செய்வாள் பாவம்.

நான் கேட்டேனா? ஒன்பது நாளில் ஒரு தடவையாவது, "உன் வேலை எப்படிப் போகுது" என்று கேட்டேனா?

ஜனவரி 1

விடுமுறை. எங்கும் போகவில்லை. எதையும் எறியவும் இல்லை.

ஜனவரி 3

மேனேஜர் களத்தில் இறங்கிவிட்டாள். தரையில் மூன்று குவியல் என்று சட்டம் போட்டாள். முதலாவது "இருக்கும்", இரண்டாவது "போகும்", மூன்றாவது "அப்பா அழுவார்". மத்தியானத்துக்குள் மூன்றாவது குவியல் என் இடுப்பு உயரம் வந்துவிட்டது.

ஒரு பட்டனைத் தூக்கிக் காட்டினாள். "இது எதுக்குப்பா?"

"அது ஏழாவது மாடி."

"நம்ம வீடு எத்தனை மாடி?"

டின் அப்படியே இரண்டாவது குவியலுக்குப் போனது. நான் அழவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் வலது பக்கத்தைத் துணியால் துடைத்தோம். காலியான மூன்று பலகைகள். பூட்டிவிட்டு, மறுபடி திறந்து பார்த்தேன். அம்மாவுக்குப் போட்டோ அனுப்பட்டுமா என்று மேனேஜர் கேட்டாள். வேண்டாம் என்றேன். தூண்டிலில் புழு மாட்டுகிற மாதிரி இருக்கும்.

ஜனவரி 6

உருளை, மோட்டார் எல்லாவற்றையும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். என்னோடு வேலை பார்ப்பவன் ஒல்லிக்குச்சி, அதனால் அவனுக்குத் தடியன் என்று பெயர். மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாரம் அதிகமானா கதவு மூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்ப. உன் வீட்டுக் கதவு மூடுச்சா?"

மூடவில்லைதான். சின்ன அறைக் கதவு பதினோரு வருடமாக முழுசாக மூடவில்லை.

ஜனவரி 8

மேனேஜர் விடுதிக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது சின்ன அறைக் கதவைத் தட்டிக் காட்டினாள். "மிச்சம் இதுதான். இதை நான் பண்ண முடியாது. நீங்கதான் அத்தைகிட்ட பேசணும்."

உள்ளே ஒரு சாப்பாட்டு மேசை, ஆறு நாற்காலி, ஒரு கட்டில், கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. அக்காவின் கல்யாணம் முறிந்த வருடம், "ஒரு மாசம் இருக்கட்டும்டா" என்று வண்டியில் கொண்டுவந்து இறக்கினாள். நானே தூக்கி வைத்தேன்.

அதற்கு முன் அது யார் அறை? எழுதத் தயக்கமாக இருக்கிறது. அது என் மனைவி தூங்கும் அறை. இரவு ட்யூட்டி முடிந்து காலையில் வந்து, தடிமனான திரையை இழுத்துவிட்டு மத்தியானம் வரை தூங்குவாள். நாற்காலிகள் வந்த பிறகு ஹாலில் சோபாவில் படுத்தாள், கண்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு. நான் பக்கத்தில் டிவி பார்த்திருக்கிறேன். சத்தத்தைக் குறைத்துத்தான். குறைத்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டிருக்கிறேன்.

அப்படியே ஐந்து வருடம். அதற்குப் பிறகுதான் அந்த வெளியூர் வேலை. விடுதி உண்டு, தனி அறை உண்டு என்று சொன்னாள். சம்பளத்துக்காகப் போகிறாள் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜனவரி 11

அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். ஒழுகின குழாயைச் சரி செய்தேன். கதவின் கீல் கிறீச்சிட்டது, அதற்கு எண்ணெய் விட்டேன். "எதுக்குடா வந்தே?" என்று இரண்டு தடவை கேட்டாள். சும்மா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

ஐம்பத்திரண்டு வயசாச்சு. அக்காவிடம் இன்னும் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை.

ஜனவரி 14

சொல்லிவிட்டேன். உட்காரக்கூட இல்லை, வாசலில் செருப்போடு நின்றே சொன்னேன். உட்கார்ந்தால் சாப்பாடு போடுவாள், சாப்பிட்டால் பேச்சு வராது.

"அக்கா, உன் சாமானை எடுத்துக்கணும். அந்த ரூம் அவளுக்கு வேணும்."

"அவ கேட்டாளா?"

"இல்ல. அவ கேக்கவே இல்ல. அதான்."

அக்கா கதவின் பிடியில் கை வைத்தாள். "என்னையே தூக்கி வெளிய வைக்கிற மாதிரி இருக்குடா" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள். அடித்துச் சாத்தியிருந்தாலாவது பரவாயில்லை. மெதுவாகச் சாத்தினாள்.

என்ன பண்ணிட்டேன் நான்? இருக்கறது ஒரே அக்கா. சின்ன வயசுல என்னை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சவ. ஒருத்திக்கு இடம் குடுக்க இன்னொருத்திய அழ வைக்கணுமா?

ஜனவரி 15

போன் எடுக்கவில்லை.

ஜனவரி 17

இன்றும் எடுக்கவில்லை. ஒன்பது மாடிக் கட்டடத்தில் வேலை. கை வேலை செய்தது, மனசு வாசலில் நின்றது.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் பெல் அடித்தது. அக்கா. வணக்கமும் இல்லை, வரட்டுமாவும் இல்லை. என்னைத் தள்ளிக்கொண்டு நேராகச் சின்ன அறைக்குப் போனாள். மேசைக்கும் பீரோவுக்கும் இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.

"இதுல உக்காந்துதான் அந்த மனுஷன் சொன்னார். எனக்கு வேற வாழ்க்கை வேணும்னு. சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டு வந்து சொன்னார்."

எனக்குத் தெரியாது. பதினோரு வருடத்தில் இதை அவள் சொன்னதில்லை.

"என் வீட்டுல வச்சுப் பாக்க முடியல. தூக்கிப் போடவும் கை வரல. உன் வீட்டுல தள்ளிட்டு மறந்துட்டேன். மறந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்." மூக்கைச் சிந்தினாள். "உன் பொண்டாட்டி ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'இது எப்ப போகும்'னு கேட்டிருக்காளா? நானா இருந்தா ரெண்டாவது மாசமே உன் சட்டையப் பிடிச்சிருப்பேன்."

"நான்தான் கேட்டிருக்கணும்க்கா."

"ஆமா. நீதான். வாய்ல என்ன வச்சிருந்த?"

பிறகு இருவரும் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று தெரியவில்லை.

தெருமுனை நூலகத்தில் வாசிக்கிற அறைக்கு மேசை, நாற்காலி வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வரும் வழியில் அக்காவே படித்துவிட்டு, அங்கே பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். மத்தியானம் வண்டி வந்தது. டிரைவரும் நானும் தூக்க, அக்கா நடுத்தெருவில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் போக்குவரத்தை நிறுத்தினாள். கடைசி நாற்காலி ஏறியதும் டிரைவரிடம், "நாலு பேர் உக்காந்து நல்லதாப் படிக்கட்டும்ப்பா" என்றாள். கட்டிலையும் பீரோவையும் அலமாரியில் இருந்த தன் சாமானையும் தனக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். அவை வேறு வண்டியில் போயின.

கிளம்பும் முன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ போன் பேசினாள். இருபது நிமிடம். கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. யார் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 20

அவளே கூப்பிட்டாள். "அக்கா எல்லாம் சொன்னாங்க" என்றாள். நான் எப்போதும் இந்த மாதிரி நேரத்தில் வானிலை பற்றிப் பேசுவேன். இன்று பேசவில்லை.

"ஒப்பந்தம் பத்தி நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, 'உன் இஷ்டம்'னு சொல்வீங்க. அதைக் கேக்க வேண்டாம்னு இருந்தேன்."

இந்த இரண்டு வாக்கியத்தையும் சாயங்காலத்திலிருந்து திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். ஆமாம், அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆறு வருடம் முன்பும் அதைத்தான் சொன்னேன். பெரிய மனசு என்று நினைத்துச் சொன்னேன். அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

"ரூம் காலியா இருக்கு" என்றேன். "நீ வரலைன்னாலும் காலியாத்தான் இருக்கும். அதுல இனி ஒரு ஆணி வைக்க மாட்டேன். அது வேற. ஆனா நீ வா. இது என் இஷ்டம். நீ வரணும்."

பிறகு, "யோசிக்கிறேன்" என்றாள். வைப்பதற்கு முன், "சாப்பிட்டீங்களா?" என்றாள். அதை வழக்கமாகத் தொடக்கத்தில் கேட்பாள்.

ஜனவரி 25

சின்ன அறைக்கு வெள்ளை அடித்தேன். நாற்காலிகளின் முதுகு உரசிய கோடு சுவர் நெடுக இருந்தது. இரண்டு பூச்சில் போனது. ஜன்னலுக்குத் திரை வாங்கக் கடை வரைக்கும் போய்த் திரும்பினேன். எந்த நிறம் என்று அவள்தான் சொல்ல வேண்டும். கதவு இப்போது முழுசாக மூடுகிறது. ஏழெட்டுத் தடவை மூடிப் பார்த்தேன்.

ஜனவரி 31

இன்றுதான் கடைசி நாள். போன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, நச்சரிக்கக் கூடாது. ஆனால் போனைக் குளியலறைக்குள்ளும் எடுத்துப்போனேன்.

பிப்ரவரி 1

காலை ஏழு மணிக்கு மேனேஜர். "அப்பா! அம்மா உங்களுக்குப் போன் பண்ணாங்களா?" "இல்லையே." "அப்ப நான் ஒண்ணும் சொல்லல" — வைத்துவிட்டாள். கிராதகி.

ஏழரைக்கு அவள். உள்ளூர் கிளினிக்குக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். ஆனால் உடனே வர முடியாது. வார்டில் புதிதாக வருகிறவளுக்குப் பழக்கிக் கொடுக்க ஏப்ரல் முடிந்துவிடும்.

"சும்மா வரேன்னு நெனைக்காதீங்க" என்றாள். "சண்டை போட வரேன். ஆறு வருஷத்து பாக்கி இருக்கு."

"வா, வந்து போடு" என்றேன்.

மார்ச் 9

நூலகம் பக்கம் போனேன். அக்கா அங்கே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேசாதே என்று விரலால் காட்டினாள். அங்கே பேசக் கூடாதாம்.

ஏப்ரல் 27

அவள் வந்துவிட்டாள். நிறைய எழுத நினைத்தேன். அவள் கூப்பிடுகிறாள், போக வேண்டும்.

மே 18, ஞாயிறு

மூன்று வாரமாக ஒன்றும் எழுதவில்லை. நேரமில்லை என்பது பொய், பேச ஆள் இருக்கிறது.

சண்டையில் இதுவரை நாலைந்து தீர்ந்தது. ஒன்றில் நான் ஜெயித்தேன், அது உப்பு டப்பா பற்றியது.

கிளினிக் போய்வர அவள் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறாள். அதை வெளியே நிறுத்த மாட்டாளாம், மழையில் துருப்பிடிக்குமாம். வீட்டுக்குள் நுழைகிற வழியிலேயே குறுக்காக நிற்கிறது. இன்று காலை பால் வாங்கிக்கொண்டு வரும்போது பெடலில் முழங்கால் பட்டு உயிர் போய்விட்டது.

"யாருது இது, நடுவழியில?" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "வீட்டுக்காரியோடது."