நான் எழுதாமல் விட்ட பந்தயங்கள்

உன் நோட்டைத் திறந்ததும் கூலன்ட் எண்ணெய் வாடை அடித்தது. நேற்று சாயங்காலம் மஞ்சுளா கொண்டுவந்து கொடுத்தாள். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் மனைவி என் வீட்டுக்குத் தனியாக வந்தது இதுதான் முதல் தடவை.

"அண்ணா, இதுல பாதிக்கு மேல உங்க எழுத்து. இந்தக் கணக்கு நெசமா பொய்யான்னு சொல்லிடுங்க. எந்தம்பி ஞாயித்துக்கிழமை பெங்களூர் ரேசுக்குப் போறேங்கறான். மாமா கணக்கு தப்பாதாம், அவருக்கு அதிர்ஷ்டந்தான் இல்லியாம். அவரு போனதுக்குக் கம்பெனி குடுத்த பணத்தை மொத்தமா கேக்கறான்" என்றாள்.

"பாத்துட்டு நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தத் துப்பு என்றைக்கு இருந்தது?

இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து கம்பெனி ஷாஃப்டுகளை அளந்த வருடங்களில் தொடங்கியது இந்த நோட்டு. நூறு பீஸ் அளந்து சார்ட்டில் புள்ளி வைத்தால் மெஷின் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். குதிரைக்கும் அப்படித்தான் என்றாய். ஈரத் தரையில் எது பின்தங்கும், ஓய்வுக்குப் பின் எது பாயும், எந்த ஜாக்கிக்கு எது படியும் என்று டீ நேரத்தில் ரேஸ் புக்கை விரிப்பாய். நான் சிரித்தேன்.

"சிரிக்காதடா. குருட்டாம்போக்குல கட்டறவனும் எழுதி வெச்சுக் கட்டறவனும் ஒண்ணா?"

இரண்டும் ஒன்றல்லதான். ஈரத் தரையில் அந்தச் செம்பட்டைக் குதிரை தோற்கும் என்று மூன்று முறை சொன்னாய், மூன்று முறையும் தோற்றது. நம்மைக் கெடுத்தது அந்த மூன்று முறைதான்.

குதிரையைத் தேர்வது நீ, நோட்டு எழுதுவது நான் என்று ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் நம்பியது கடைசியாக வந்தது. திரும்பும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்வரை தோற்ற சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தாங்கவில்லை. "விடுடா, புது ஜாக்கி. செட்டிங் பீஸ்னு வெச்சுக்க" என்றேன். கிரைண்டிங் கல் மாற்றியதும் வரும் முதல் சில பீஸ்கள் அளவு தப்பும், அவற்றைச் சார்ட்டில் ஏற்ற மாட்டோமே, அந்தப் பழக்கம். நீ சிரித்துவிட்டாய்.

அன்றிலிருந்து உன்னிடம் கேட்காமலே செய்தேன். மழை, குதிரைக்குக் கால் வலி, ஜாக்கி சரியில்லை, ஏதோ ஒரு காரணம். தோற்றது நோட்டில் ஏறாது. வருடக் கடைசியில் கூட்டிச் சொன்னால் உன் முகம் மலரும். அதற்காகத்தான் செய்தேன், சத்தியமாக. அந்தக் கூட்டலை நம்பித்தான் நாகரசம்பட்டி மாந்தோப்பை விற்றாய்.

ஒருநாள் கேட்டாய்: "நோட்டு ஜெயிக்குது. நான் ஏன்டா தோக்கறேன்?"

நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் காலை ஷிஃப்டுக்கு வந்த நீ கம்பெனி கேட் அருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய்.

இன்று லீவு போட்டேன். நாம் கட்டியதும் வந்த முடிவும் குறித்த பழைய ரேஸ் புக்குகளைப் பரணிலிருந்து இறக்கி, விட்டதையெல்லாம் சிவப்பு மையில் எழுதினேன். மத்தியானத்துக்குள் பக்கங்கள் சிவந்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பெயரில் விரல் வைத்திருந்தாலும் இதே அளவுதான் வந்திருக்கும். அந்தச் செம்பட்டைக் குதிரைகூட அப்புறம் ஈரத் தரையில் இரண்டு முறை ஜெயித்திருக்கிறது. அடப்பாவி, அதையும் நான்தான் விட்டிருக்கிறேன். புள்ளிவிவரம் உனக்கு ஒரே ஒரு உதவி செய்திருக்கும். நிறுத்துடா என்று சொல்லியிருக்கும்.

உன் வீட்டுக்குப் போய் விரித்துக் காட்டினேன். உன் மச்சான் பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

"இதெல்லாம் மாமா எழுதாம விட்டதா?"

"இல்லப்பா. நான் விட்டது. அவனுக்குத் தெரியாது."

அவன் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான். ஞாயிற்றுக்கிழமை போக மாட்டான். மஞ்சுளா திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை.

"கடைசி வரைக்கும் தன் மூளைதான் மழுங்கிப் போச்சுன்னு தலையில அடிச்சுக்கிட்டாருண்ணா" என்றாள்.

திரும்பி வந்து இதை எழுதுகிறேன். உன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லைடா.