குளிர்பெட்டியில் நான்கு குழாய்கள்

என் மைனாக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிரிக்காதே. நீ விட்டுப்போன பிள்ளை சுகம். நேற்று முதல்முறையாகக் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி என்னை ஒரு முறை முறைத்தாள். அப்படியே நீதான். மாப்பிள்ளை தையல் கடைக்குப் போகிறார். அளவெடுத்ததை மறந்துவிட்டு, வந்தவரையே திரும்ப வரச் சொல்கிறாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உன்னிடம் மாதாமாதம் எடுத்த ரத்தமும் சிறுநீரும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை, "அந்தப் படி என்னால ஏற முடியாது அத்தை, நீங்க சொல்றதுதான்" என்று ஒதுங்கிக்கொண்டார். திருப்பித் தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, நான் மூடி போட்ட டப்பாவில் துணி விரித்து எடுத்துப்போனேன்.

டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தக்கொதிப்பு வந்தால், சிறுநீரகம் கெடப்போவதை முன்னாலேயே காட்டும் அடையாளம் ரத்தத்தில் இருக்கிறதா என்று தேடுகிறார்களாம். "இப்ப இருக்கிற டெஸ்ட்ல தெரியறதுக்குள்ள கிட்னி பாதி போயிடுதும்மா" என்றார். உன் முகம் ஊதினபோது, மாப்பிள்ளைக்கு இனி விளக்கே வேண்டாம், நிலா வீட்டுக்குள்ளேயே வளருது என்று பக்கத்து வீட்டக்கா கேலி செய்தாளே, அப்போதே உனக்கு உள்ளே தொடங்கிவிட்டதாம். உன் மிச்சத்தை அந்தத் தேடலுக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்.

லேப் பெண் என் டப்பாவைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். விரல் நீளத்தில் நான்கு குழாய்கள், மேலே பனி. உன் பெயர்கூட இல்லை, வெறும் நம்பர். கை நீட்டினேன். "கைச்சூடு பட்டா உருகிடும்மா" என்று என் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். சோதித்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகுமாம். தொடாவிட்டால் ரொம்ப காலம் அப்படியே இருக்குமாம்.

வெளியே பெஞ்சில் நிறைமாதமாக ஒருத்தி. கால் நுழையாமல் செருப்பைக் கையில் வைத்திருந்தாள். பிரஷர் பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். பார்க்கத்தான் வந்தேன் என்றாள்.

நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். பெஞ்சில் இருந்தவளை நினைத்தால் கொடு என்கிறது மனசு. ஆனால் உன்னை ஒருமுறை அனுப்பியாயிற்று, மறுபடி அனுப்ப எனக்குத் தெம்பில்லை. ஊசி என்றாலே என் தோளில் முகம் புதைப்பாய். அப்படி அழுது கொடுத்த ரத்தம், உன்னைக் கேட்காமல் எப்படி?

எங்கே இருந்தாலும் வலியில்லாமல் இரு, கண்ணு. கொடுத்துவிடட்டுமா?

உன் அம்மா