இவரை நம்பி ஆள் இருக்கு

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் செருப்போடு நுழையப் பார்த்த என் அருமை அண்ணன் செல்வத்துக்கு,

இதைச் சங்கத்து ஆண்டு மலரில் போடப்போகிறார்கள். அதனால் நாம் தனியாகப் பேசிக்கொள்ள முடியாது. தாராவி முழுக்கக் காது வைத்துக் கேட்கும். நமக்கு அது புதிதா என்ன? நம் வீட்டுச் சுவர் தகரம். நீ தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். அந்தக் குரல்காரர்களிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது. கேட்டதில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா உன் நீலக் கோடு போட்ட சட்டையைத் தலையணை உறையாகத் தைத்துக்கொண்டாள். எனக்குத் தரமாட்டேன் என்கிறாள். குழாயில் தண்ணீர் முன்பைவிடக் கொஞ்சம் தாராளம். நான் பன்னிரண்டாவது எழுதிவிட்டேன். பாஸாகிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

அடுத்தது உன் புரோகிராம். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: என் அண்ணன் மாட்டுங்காவில் ஒரு கம்ப்யூட்டர் கிளாஸில் வேலை பார்த்தான். சால் என்கிற எங்கள் வரிசை வீடுகளை இடித்துக் கட்டடம் கட்டப்போகிறார்கள், ரூம் வைத்திருப்பவர்களின் பட்டியல் வேண்டும் என்று அரசாங்க ஆபீசிலிருந்து வந்தபோது, குடியிருப்பவர்களின் சொசைட்டிக்காக அவன்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு டேட்டாபேஸ் செய்தான். குடும்பத் தலைவர்கள் ஒரு ஃபைலில். அவர்களை ஒட்டியவர்கள் இன்னொன்றில். இரண்டையும் ஒரு நம்பர் கட்டிப்போட்டிருக்கும்.

"தலை ஃபைல், வால் ஃபைல்" என்று பெயர் வைத்தது நான். "வாலுல உன் பேரு இருக்கது பொருத்தந்தாம்ட்டி" என்றாய். அப்பா போனபின் நம் வீட்டில் தலை நீதானே. தலைக்கு அப்போது மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

யாராவது தப்பாக ஏதும் தட்டினால் திரையில் ஒரு வரி வரவேண்டும் என்றாய். அந்த வரிகளை எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தாய். உன்னுடையது புரோகிராம், என்னுடையது போக்கிரிகிராம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். பதினெட்டு ஆகாதவர் பெயரைத் தலைவராகப் போட்டால், "வயசு பத்தாது, போய் விளையாடு." இல்லாத பெயரைத் தேடினால், "இப்படி ஒரு ஆளே கிடையாது." யாரையாவது அழிக்கப் பார்த்து, அவருக்குக் கீழே ஆட்கள் இருந்தால், "இவரை நம்பி ஆள் இருக்கு, விடமாட்டேன்."

அதைப் படித்துவிட்டு எவ்வளவு சிரித்தாய். கிளாஸ் சார் கதவைத் திறந்து, "செல்வம், மெஷினுக்கு ஏசி போட்டிருக்கேன், நாடகத்துக்கு இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை தொடங்கியபோது உன் கண் மஞ்சளானது. மழை விட்டபோது நீ இல்லை.

அதற்குப் பிறகுதான் சொசைட்டி செயலாளர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். பட்டியலைத் திங்கட்கிழமை ஆபீசில் கொடுக்க வேண்டுமாம். அதில் இறந்தவர் பெயர் இருந்தால் ரூமையே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்களாம். யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் கட்டடத்தில் இடம். அவர் வாசலில் நின்றபடியே பேசினார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"செம்பூர்ல உங்க கொழுந்தன் இருக்காவல்லா, அவிய பேர போட்டுருவோம். ஆம்பளப் பேருன்னா ஆபீஸ்ல கேள்வி கேக்கமாட்டான்."

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "அவிய நல்லவியதான் அண்ணாச்சி. ஆனா நாளைக்கு எம் மவ, எங்க வீட்டுக்குள்ள நா இருக்கட்டா சித்தப்பான்னு கேட்டு நிக்கணும்."

"அப்ப வேற யாரு பேருல போட?"

"எம் பேருல போடுங்க."

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "போடலாம். ரேஷன் கார்டுல இருக்கப்படி அச்சுல வரணும். மெஷின்ல மாத்தத் தெரிஞ்ச பய போயிட்டானே."

"பய போயிட்டான், பிள்ள இருக்கேன்" என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை உனக்குத் தெரியும். அவருடைய ஸ்கூட்டர் ஹாரனுக்குள் வெண்டைக்காய் வைத்தவளை அவர் இன்னும் மறக்கவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா. சார் சாவியைக் கொடுத்து, "நீ ஒக்காந்து பண்ணிக்கோம்மா, போறச்சே ஏசிய மட்டும் அணைச்சுடு" என்று சொல்லிவிட்டு வேறெதுவும் கேட்காமல் போய்விட்டார். உன் நாற்காலியின் உயரத்தை நான் மாற்றவில்லை. கால் தொங்கியது.

உன் பெயரை எடுத்தேன். அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் வந்தது:

இவரை நம்பி ஆள் இருக்கு, விடமாட்டேன்.

நான் எழுதிய வரிதான். பிறகு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஏசி அறையில் கண் எரிகிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, ஆனால் யாரும் கேட்கவில்லை.

சரி, அழிக்காமல் முதலில் அம்மாவைத் தலைவியாக்குவோம் என்று பார்த்தேன். தலைவராகப் போகிறவர் வால் ஃபைலில் இருக்க வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். ரேஷன் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அம்மா பெயரைத் தட்டினேன். பேச்சியம்மாள்.

இப்படி ஒரு ஆளே கிடையாது.

எழுத்துப் பிழையோ என்று மறுபடி தட்டினேன். மறுபடியும் ஆளே கிடையாது. காலையில் எனக்குத் தலைசீவிவிட்ட ஆள் அண்ணே அது.

நம் ரூமைச் சேர்ந்தவர்கள் எல்லோரையும் காட்டச் சொன்னேன். இரண்டு வரி வந்தது. ஒன்று நான், செண்பகம். இன்னொன்று, "செல்வம் அம்மா."

அப்புறம் வால் ஃபைலை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தேன். முருகன் அம்மா. குமார் அம்மா. இன்னொரு குமார் அம்மா. ராணி அம்மா. பிள்ளை இல்லாத வீட்டில், "தங்கராஜ் வீட்டுல." ஆண்கள் எல்லோரும் பாரத்தில் தங்கள் பெயரை இனிஷியலோடு எழுதிவிட்டு, பெண்களின் பெயருக்கு நேரே, சாலில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீயும் அப்படியே தட்டியிருக்கிறாய். நம் வீட்டுப் பாரத்தை எழுதியதே நீதான். அம்மாவின் பெயரை எழுத உனக்குக் கூச்சமாக இருந்ததா, அல்லது அதுதான் அவள் பெயர் என்று நினைத்தாயா? கேட்டால் சிரித்து மழுப்புவாய். எப்படியும் இனிக் கேட்க முடியாது.

"செல்வம் அம்மா" என்பதை அழித்துப் "பேச்சியம்மாள்" என்று மாற்றினேன். மாற்றிய உடனே அம்மா திரையிலிருந்து காணாமல் போய்விட்டாள். மிச்சமிருப்பது ஒரே ஒரு அம்மா, அவளையும் தொலைத்துவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். அப்புறம்தான் புத்தி வந்தது. ஃபைல் பெயர் வரிசையில் ஓடுகிறது. பெயர் மாறியதும் அவள் எஸ் வரிசையிலிருந்து எழுந்து போய் பி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே போய்ப் பார்த்தேன். இருந்தாள்.

ஆள் கிடைத்தாயிற்று என்று அவளை நம் ரூமுக்குத் தலைவியாகப் போட்டேன். திரை சொன்னது: "இந்த ரூம்ல ஏற்கெனவே ஆள் இருக்கு, பக்கத்துக் கதவைத் தட்டு."

ஏற்கெனவே இருக்கும் அந்த ஆள் நீ.

இப்போது பார், நீ போட்ட முடிச்சை. நீ போகாமல் அம்மா தலைவியாக முடியாது. நாங்கள் உன்னைவிட்டு நகராமல் நீ போக முடியாது. அம்மா தலைவியாகாமல் நாங்கள் நகர இடமில்லை. ஒவ்வொன்றும் சரியான சட்டம்தான். சேர்த்து வைத்தால் கதவு எந்தப் பக்கமும் திறக்கவில்லை. திரையைப் பார்த்து உன்னைத் திட்டினேன். மலரில் போடத்தக்க வார்த்தைகள் அல்ல.

நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தபோது நம் ரூமுக்கு வெள்ளையடித்தது ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு முன்னால். பீரோவை நகர்த்த வேண்டுமென்றால் கட்டில் மறிக்கும். கட்டிலை நகர்த்தினால் அடுப்பு மறிக்கும். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ கட்டிலைத் தூக்கிச் சந்தில் வைத்தாய். சைக்கிள்காரன் ஒருத்தன் "அர்ரே பாய், இது ரோடா பெட்ரூமா" என்று கத்தினான். "அஞ்சு நிமிஷம் பெட்ரூம், அப்புறம் ரோடு" என்றாய். பிறகு உள்ளே எல்லாம் தானாக நகர்ந்தது.

எனக்கு வேண்டியது ஒரு சந்து. சாலில் இல்லாத ஒரு ரூம் நம்பர். பூஜ்யம் என்று தட்டினேன். பூஜ்ய ரூமில் யாரும் இல்லை; உன் புரோகிராம் ஏற்றுக்கொண்டது. அம்மாவை வால் ஃபைலிலிருந்து எடுத்து அங்கே தலைவியாக வைத்தேன். உன் கீழிருந்த என்னை எடுத்து அவள் கீழே கட்டினேன். இப்போது உன் பெயருக்குக் கீழே ஒருவரும் இல்லை.

மறுபடி உன் பெயரை எடுத்தேன். அழிக்கும் கட்டளை. இந்த முறை திரை என்னை மறிக்கவில்லை. மறிக்கக்கூடாதா என்று ஒரு கணம் இருந்தது. நீ போனதும், அம்மாவைச் சந்திலிருந்து தூக்கி ரூமுக்குள் கொண்டுவந்து வைத்தேன். பிரின்டர் கரகரவென்று அச்சடித்தது.

மாலையில் அண்ணாச்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். நம் ரூமில் விரல் நின்றது.

"பேச்சியம்மாளா? இது யாருட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: "நாந்தான்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன வருசமா எனக்குத் தெரியாதே தாயி" என்றார்.

"யாரும் கேக்கலியே அண்ணாச்சி."

பட்டியல் போனது. ஆபீசிலிருந்து நம் ரூமுக்கு முத்திரை போட்டுத் திரும்பி வந்தது, அம்மாவின் பெயரிலேயே. அதை அவள் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். கட்டடம் எப்போது எழும்பும் என்று தெரியாது. பெயர் எழும்பிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. குழாயடியில் முருகன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "எட்டி, எம் பேரையும் ஒழுங்கா போடுட்டி, எம் பேரு இசக்கி." பின்னால் குமார் அம்மா, இன்னொரு குமார் அம்மா. இப்போது ஞாயிறுதோறும் மாட்டுங்கா போகிறேன். வால் ஃபைலில் ஒவ்வொருத்தியாக எழுந்து தன் வரிசைக்குப் போய் உட்காருகிறாள். அம்மாவை மட்டும் குழாயடியில் இன்னும் "செல்வம் அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்கு அவள் முன்னைவிட வேகமாகத் திரும்புகிறாள். அதை மாற்ற யாரும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அழித்தபின் மனசு கேட்காமல், அழித்ததையும் காட்டு என்று ஃபைலைக் கேட்டேன். நீ இருந்தாய். அதே இடம், அதே ரூம் நம்பர், பெயருக்கு முன்னால் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. சாரிடம் கேட்டேன். "அழிச்சா உடனே போகாதும்மா. ஸ்டார் போட்டு ஒளிச்சு வச்சிருக்கும். பேக், அதாவது மூட்டை கட்டுன்னு ஒரு கட்டளை கொடுத்தாத்தான் நிஜமாவே போகும். கொடுத்துடு, இடம் மிச்சம்" என்றார். கொடுக்கிறேன் சார் என்று தலையாட்டினேன். நான் எத்தனை பேருக்குத் தலையாட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

கொடுக்கமாட்டேன் அண்ணே. அந்த மெஷின் முன்னால் நான் உட்கார்கிற காலம்வரை அந்த நான்கெழுத்து இங்கிலீஷ் வார்த்தையைத் தட்டமாட்டேன். நாளைக்கு வேறு யாராவது வந்து தட்டினால்? அதற்கு முன்னாலேயே ஒரு ஃப்ளாப்பியில் உன்னை நட்சத்திரத்தோடு எடுத்து வந்து, சாமி படத்துக்குப் பின்னால், அம்மாவின் காகிதத்தோடு சேர்த்து வைத்துவிட்டேன். வெள்ளையடிக்கும்போது அதைச் சந்தில் வைக்கமாட்டேன், கையிலேயே வைத்திருப்பேன். இது வாக்கு.

இப்படிக்கு,
பேச்சியம்மாள் மகளும், பட்டியலில் இப்போது உன் கீழே இல்லாவிட்டாலும் இன்னும் உன்னை நம்பி இருக்கிற ஆளுமான,
உன் வால் தங்கச்சி
செண்பகம்