சுண்டுவிரல் எழுத்துகள்

நாள் 209 / 08:10

உள் வெப்பம் 6 டிகிரி. அழுத்தம் சரி. நீர் 412 லிட்டர். சூரியத் தகடுகளில் தூசி ஏறியிருக்கிறது, மின்சாரம் வழக்கத்தில் பாதி. இங்கே இப்போது கோடை. சூரியன் மறைவதில்லை, ஆனால் சூடும் இல்லை.

இது யார் கைக்குப் போகும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாயின் வடதுருவத்தில் பனியைத் துளைத்து ஆராயும் நிலையம் இது. இரண்டு பேர் இருக்கிறோம். தலைவர் எஸ்தர் நேசமணி அக்கா, மார்த்தாண்டத்துக்காரர். நான் வெ. பச்சையம்மாள், போளூர் பக்கம். பனித் தரவுகளைப் பதிவு செய்வது என் வேலை.

நிலையக் கணினியில் என் பெயருக்கு இன்னும் கணக்கு திறக்கவில்லை. தலைமையகத்துக்கு இரண்டாவது முறை எழுதிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அக்கா அன்றே சொல்லிவிட்டார்: "ஒனக்க பேரு வந்து சேர ஆறு மாசம் ஆவும் பிள்ளே. எனக்க பேர்லயே உள்ள போ. நான் என்ன கேக்கவா போறேன்?" அதனால் இந்தக் குறிப்பும் அவர் பெயரில்தான் பதிவாகிறது.

நாள் 211 / 16:30

உள் வெப்பம் 4 டிகிரி. பதினொரு நாள் முன்பு வெளியே என் வலது கையுறையின் சூடேற்றி நின்றுபோனது. மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்னும் மரத்தே இருக்கின்றன. நுனி கறுத்திருக்கிறது.

விசைப்பலகையில் அந்த இரண்டு விரலுக்கும் வேலை அதிகம். 'த' மோதிர விரலில். 'ந', 'ச' இரண்டும் சுண்டுவிரலில். இந்த மூன்று எழுத்தும் இல்லாமல் ஒரு வரி எழுத முடியாது. இப்போது ஆள்காட்டி விரலை நீட்டி நீட்டிக் குத்துகிறேன். நிமிடத்துக்கு ஒன்பது சொல்.

அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "டைப் அடிக்குதியா, கோழிக்குத் தீனி போடுதியா?" அவர் ஊரில் டைப்ரைட்டிங் வகுப்பில் ஹையர் தேறியவர். விசையைக் குனிந்து பார்த்தால் மாஸ்டர் விரல் முட்டியில் ஸ்கேலால் அடிப்பாராம். இன்றும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறார். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மூன்று பேருக்கு ஒரு கணினி. நான் பின்னால் நின்று மற்றவர்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

நாள் 214 / 10:00

அக்கா வண்டியில் துளை முகாமுக்குப் புறப்பட்டார். ஐம்பது கிலோமீட்டர். ஐந்து நாள் வேலை. துணைக்கோள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலைக்கு மேல் வரும். அப்போது பதினான்கு நிமிடம் மட்டும் பேச முடியும்.

பெயர்ச் சோதனை விதியை இருவரும் ஒருமுறை சத்தமாகப் படித்தோம். வண்டி ஓட்டுபவர் மணிக்கு ஒருமுறை தன் முழுப்பெயரை அடிக்க வேண்டும். ஆக்சிஜன் குறையும்போது முதலில் தடுமாறுவது விரல். ஆளுக்கு அது தெரியாது, சந்தோஷமாகக்கூட இருக்கும். காற்றுமானியைத் தூசி ஏமாற்றும், பெயர் ஏமாற்றாது. பெயர் பிழையானால் சேமக் குப்பியைத் திறந்து வண்டிக்குள் இருக்கும் காற்றை ஊதி வெளியேற்ற வேண்டும். குப்பியில் இரண்டு ஊதலுக்கு இருக்கிறது. ஒவ்வொன்றும் மூன்று மணி நேர மூச்சு. இரண்டாவதையும் ஊதினால் வண்டியை நிறுத்திவிட்டு அடுத்த பேச்சுக்குக் காத்திருக்க வேண்டும்.

நாள் 215 / 11:20

அக்கா இல்லாததால் துணிந்து செய்துவிட்டேன். இருந்தால் கேலி செய்வார்.

அதிகம் உழைக்கும் எழுத்துகளைக் கணினி அமைப்பில் உயிருள்ள விரல்களுக்கு மாற்றினேன். 'த' இருந்த இடத்தில் 'ங'. 'ந' இருந்த இடத்தில் 'ஔ'. 'ச' இருந்த இடத்தில் 'ஓ'. த, ந, ச மூன்றும் இடது கைக்கு வந்துவிட்டன. செத்த விரல்களுக்குச் சோம்பேறி எழுத்துகள். விசை மூடிகளை நகத்தால் நெம்பி எடுத்து இடம் மாற்றிப் பொருத்தினேன். 'ஔ' மூடி புத்தம் புதிதாக இருந்தது. யாரும் தொட்டதேயில்லை.

நாள் 217 / 15:00

நிமிடத்துக்கு முப்பத்தொரு சொல். வலி இல்லை. நான்கு நாள் பாக்கி வேலை முடிந்தது. யாருக்காவது காட்ட வேண்டும்போல் இருந்தது.

மேற்கே புயல் கிளம்பியிருக்கிறது.

நாள் 219 / 10:10

அக்கா முகாமில் வண்டியை மறுபடி கிளப்பிவிட்டார். புயலில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், பத்து மணி நேரப் பயணம். முதன்மைத் தொட்டியில் காற்று இரவு எட்டு வரை. அதற்கு மேல் சேமக் குப்பி.

நாள் 219 / 11:54

11:00 மணிப் பெயர்ச் சோதனை வந்தது: எஸ்ஙர் ஔஏஓமணி

அக்காவின் குரல்: "மூணு வாட்டி அடிச்சுப் பாத்தேன் பிள்ளே. மூணும் ஒரே மாதிரி தப்பு. மானி நல்லாத்தான் காட்டுது, அத நம்ப முடியுமா? ஒரு ஊதல் ஊதிட்டேன்." "ஒக்காந்து மெதுவா மூச்சு விடுங்கக்கா" என்றேன்.

நாள் 219 / 13:56

12:00: எஸ்ஙர் ஔஏஓமணி
13:00: எஸ்ஙர் ஔஏஓமணி

"இப்ப விசையப் பாத்தே அடிக்கேன். 'த'ன்னு எழுதியிருக்கு, அதத்தான் அமுக்குதேன். வேற என்னமோ வருது. கண்ணும் போச்சா எனக்கு? இன்னொரு ஊதல் ஊதட்டா வேண்டாமா, நீ சொல்லு மக்ளே. எனக்க தலைய நான் நம்ப மாட்டேன்."

அந்தப் பேச்சின் ஒன்பதாவது நிமிடத்தில் திரையைப் பார்த்தேன். 'த'வுக்கு 'ங'. 'ந'வுக்கு 'ஔ'. 'ச'வுக்கு 'ஓ'. 'நே'யின் ஏகாரம் ஒட்ட மெய் இல்லாமல் தனி 'ஏ'யாக நிற்கிறது.

என் வரிசை. அவர் கணக்கில் சேமித்திருந்தேன். வண்டியைக் கிளப்பும்போது அதன் கணினி அவர் கணக்கை இங்கிருந்து இழுத்துக்கொள்கிறது. எனக்கு அது தெரியாது. யாரையும் கேட்கவில்லை.

ஐந்து நிமிடம் இருந்தது. வாயைத் திறந்தேன். "பாத்துச் சொல்றேங்கா" என்றேன். பிறகு காற்றழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இணைப்பு போய்விட்டது.

நாள் 219 / 14:30

இங்கே வரிசையைப் பழையபடி மாற்றிவிட்டேன். அவருக்குத் தெரியாமலேயே சரியாகிவிடும் என்று நினைத்தேன். இல்லை. வண்டியை அணைத்துக் கிளப்பினால்தான் அது போய்ச் சேரும். வெளியே மைனஸ் எழுபது. அணைத்தால் மறுபடி எழும் என்று சொல்ல முடியாது.

சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பதினேழு முறை படித்துவிட்டேன்.

நாள் 219 / 15:55

14:00 மணிச் சோதனையும் பிழை. இரண்டாவது ஊதலையும் ஊதிவிட்டார். விதிப்படி வண்டியையும் நிறுத்திவிட்டார், இந்த ஒன்றேமுக்கால் மணி நேரமாக. சேமக் குப்பி காலி.

தாளைப் பார்த்துப் படித்தேன்: "அக்கா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எழுத்த மாத்தினது நான்தான். என் விரலுக்காக மாத்தினேன். உங்க கணக்குல ஏறிடுச்சு."

சிரித்தார். அழுகை கலந்த சிரிப்பு.

"அட பாவிப் பிள்ளே! நான் எனக்க தலை கழண்டு போச்சுன்னு ஜெபம் பண்ணிக்கிட்டு கிடக்கேன். மாத்துனா மாத்திட்டுப் போ. ஒரு வார்த்தை சொல்ல என்னா? கடிச்சுத் தின்னுருவேனா?" கொஞ்சம் கழித்து: "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"இப்பத்தாங்கா" என்றேன்.

வண்டியை அணைக்க வேண்டாம் என்று முடிவு செய்தார். மீதம் முப்பது கிலோமீட்டர், ஆறு மணி நேரம். தொட்டியில் நான்கு மணி நேரம். தலைக்கவசக் குப்பியில் நாற்பது நிமிடம்.

நாள் 219 / 17:55

16:00, 17:00 இரண்டும்: எஸ்ஙர் ஔஏஓமணி. என் அட்டவணையோடு ஒப்பிட்டால் எழுத்து எழுத்தாகச் சரி. அக்கா தெளிவாக இருக்கிறார்.

"ஔஏஓமணி. நல்ல பேருதான், ஊருக்குப் போயி மாத்திக்கிடுதேன். கர்த்தர் எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுவாருன்னுதான் தெரியல."

திட்டம்: சரியாக எட்டுக்குத் தலைக்கவசம் மாட்டுவார். 19:40 பேச்சில் இடத்தைச் சொல்வார். நான் நிலையத்தின் ஆக்சிஜன் குப்பியோடு நடந்து எதிரே போவேன். புயல் சற்றுத் தணிந்திருக்கிறது. நடக்கும் என்றுதான் தோன்றுகிறது. உடுப்பை எடுத்து வைத்துவிட்டேன்.

நாள் 219 / 19:54

18:00: எஸ்ஙர் ஔஏஓமணி
19:00: எஸ்ஸ்ர ஏஏமிண

இரண்டாவது என்னுடைய வரிசை இல்லை. எப்படி ஒப்பிட்டாலும் பொருந்தவில்லை. வண்டி தடத்தை விட்டு மேற்கே போயிருக்கிறது. இங்கிருந்து பதினாறு கிலோமீட்டர். தொட்டியின் அடிக்காற்று கணக்குக்கு முன்பே மெலிந்துவிட்டது.

நான்: "அக்கா, தலைக்கவசத்தப் போடுங்க. இப்பவே. பேரு தப்பா வருது."

"ஒனக்க விசை பிள்ளே. ஒனக்க விசை."

"இது என் விசை இல்லக்கா. இது வேற. தயவுசெஞ்சு போடுங்க."

"எவ்வளவு வெளிச்சமா கிடக்கு தெரியுமா இங்க." சிரித்தார். "எட்டு மணிக்குன்னுதானே சொன்ன? எட்டு ஆவட்டும். நீ பயப்படாத. நீதான் சொல்லிட்டியே, எனக்கு ஒண்ணும் இல்லன்னு."

மீதி ஆறு நிமிடமும் ஒரே வாக்கியத்தைக் கத்தினேன். அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நாள் 219 / 20:35

பதினாறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். கணக்கு தெரிந்தும் உடுப்பை மாட்டினேன். வீங்கிய விரல்களுக்கு மேல் வலது கையுறை ஏறவில்லை. மூன்று முறை முயன்றேன். தோல் பிய்ந்து வந்துவிட்டது. வெளிக்கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நாள் 219 / 21:54

20:00, 21:00 சோதனைகள் வரவில்லை. குரல் இல்லை. அழைத்துக்கொண்டே இருந்தேன்.

இணைப்பு இருந்த பதினான்கு நிமிடமும் வண்டியிலிருந்து ஒரே எழுத்து வந்தது.

மமமமமமமமமமமமமமமமமமமமமமமமமமமம

விசைப்பலகையில் கையைப் பார்க்காமல் வைத்தால் வலது நடுவிரல் போய் உட்காரும் இடம் அது. வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருவார்களாம். அந்த விசையை நான் மாற்றவில்லை.

நாள் 220 / 05:58

படிப்பவருக்கு: இந்தப் பதிவுகள் எல்லாம் எஸ்தர் நேசமணி பெயரில் இருக்கும். விசைகளை அவர் மாற்றவில்லை. சேமக் காற்றை வீணாக்கியதும் அவர் பிழையில்லை. எழுதியது நான், வெ. பச்சையம்மாள். 15:40 பேச்சில் "இப்பத்தாங்கா" என்று சொன்னது பொய். 13:49க்கே தெரியும். அப்போது சொல்லியிருந்தால் இரண்டாவது ஊதல் மிஞ்சியிருக்கும், வண்டியும் நின்றிருக்காது. நேற்று இரவு எட்டு மணி வாக்கில் வந்திருப்பார். சூப் கேட்டிருப்பார்.

உள் வெப்பம் 1 டிகிரி. நீர் பார்க்கவில்லை.

நாள் 220 / 07:54

ம வருகிறது.

வண்டியின் மின்கலம் இன்னும் ஒன்பது நாள் தாங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பதினான்கு நிமிடம். இணைப்பை அணைத்துவிடலாம். அணைக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் பதில் அடிக்கிறேன். அவருடைய வரிசையில்தான். 'த'வுக்கு மோதிர விரல், 'ந'வுக்கும் 'ச'வுக்கும் சுண்டுவிரல். விசைகள் ஈரமாகிவிட்டன.

நாள் 220 / 09:54

அக்கா தலைக்கவசம் போடுங்க அக்கா தலைக்கவசம் போடுங்க அக்கா தலை

நாள் 220 / 11:54

ம

நாள் 220 / 13:49

இப்போது சொல்கிறேன் அக்கா. எழுத்த மாத்தினது நான்தான். ஊதாதீங்க. நிக்காம வா