எந்தப் பக்கம் மாற்றினாலும்

தறிச் சத்தத்தில் பாதிக் காது போன என் நைனாவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. திருப்பதி லேபில் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் முதலில் டிகிரி வாங்கினவள் அங்கே என்னதான் செய்கிறாள் என்று ஒரு நாள் போனில் கேட்டாய். மெல்லிய காந்தத் தகட்டை ஹீலியத்தின் கடுங்குளிரில் வைத்துக் கரண்ட் விடுகிறேன் என்றேன். ஒரு பக்கமாக விட்டால் காந்தத்தின் நடுக்கம் அதிகமாக வேண்டும், மறுபக்கமாக விட்டால் அடங்க வேண்டும். எனக்கோ இரண்டு பக்கமும் கூடுகிறது.

"ரெண்டு ஒயரை மாத்திக் குடு கண்ணு. தறி மோட்டாரு தலைகீழா சுத்தினா நாம இன்னா பண்றோம்?"

தறிக்காரன் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்? மாற்றினேன். கூடியது. திரும்ப மாற்றினேன். கூடியது. என் கைதான் தப்பு என்று அந்த அளவுகளை என் கைடு மேடமிடம் காட்டாமல் வாரக்கணக்கில் ஒளித்தேன். நீ தினமும் கேட்டாய், "சரியாச்சா?"

"இன்னும் இல்ல நைனா."

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. நெஞ்சுவலி என்று நகரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த வண்டி புத்தூர் தாண்டும் முன்பே உன் நெஞ்சு நின்றுவிட்டதாம். நான் இங்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

கருமாதிப் பந்தியில் உன் பக்கத்துத் தறி முனுசாமி மாமா கேட்டார்: "இன்னா கண்ணு, அந்த ஒயரு சரியாச்சா? உங்க நைனா அதையேதான் பேசிக்கினு இருந்தான். ஊரு மோட்டாரெல்லாம் சரி பண்றே, பொண்ணுக்கு ஒரு ஒயரு மாத்தித் தர முடியலியானு நாங்க கிண்டல் பண்ணிக்கினு இருந்தோம்."

"ஆச்சு மாமா" என்று இலையைப் பார்த்துச் சொன்னேன்.

போன வாரம் மேடமே என் நோட்டைப் புரட்டினார். இணைப்பில் ஒரு குறையும் இல்லையாம். அவ்வளவு குளிரில் சூட்டால் வரும் நடுக்கம் அடங்கிவிடும். அடியில் எந்தக் குளிரிலும் அடங்காத குவாண்டம் நடுக்கம் ஒன்று மிச்சம் இருக்கும். எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் ஓடினாலும் அந்த நடுக்கம் கூடும். முன்பே கண்டுபிடித்தவர்கள் உண்டு. எனக்குத்தான் தெரியவில்லை.

என்ன நினைத்துக்கொண்டு போனாய் நைனா? படிக்க வைத்த பெண்ணுக்கு ஒயர் மாட்டக்கூடத் தெரியவில்லை என்றா?

ஞாயிற்றுக்கிழமை நகரிக்கு வருகிறேன். தறி நிற்கிற நேரம் பார்த்து முனுசாமி மாமாவிடம் சொல்லிவிடுவேன்: நான் எதையும் சரி பண்ணவில்லை, ஒயர் முதல் நாளே சரியாகத்தான் இருந்தது என்று. உன்னிடம் சொல்லத்தான் வழி தெரியவில்லை.

உன் மூத்த பொண்ணு,
கோமதி