கப்பல் வாசலில் நான் அழுத்திய முகம்

அனுப்புநர்:
நாற்காலி வாடகைக் கடையில் வேலை செய்து ஓய்வு பெற்ற முதியவர்,
தண்ணீர்த் தொட்டித் தெரு, கடைசி மாடி வீடு.
(எழுதப் படிக்கத் தெரியாதவர். இவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.)

பெறுநர்:
கப்பல் பணியாளர் அட்டை வழங்கும் அதிகாரி அவர்கள்,
துறைமுக அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: குடும்பச் சுற்றுலாக் கப்பலின் அறைப் பணிப்பெண் ஒருவரின் பணி அட்டையை ரத்து செய்யாதிருக்க வேண்டுவதும், அவர் மேல் விழுந்த குறை என் கையால் நேர்ந்தது என்று தெரிவிப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம் கூறி, மனுதாரராகிய நான் தெரிவித்துக்கொள்வது:

1. நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் அல்ல. சிறு வயது முதல், விசேஷ வீடுகளுக்கு நாற்காலி, மேசை, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தேன். எந்த வீட்டுக்கு எது போனது, எது நெளிந்து திரும்பியது என்பதை முதலாளிக்கு வாயாலேயே சொல்லி வந்தவன். ஆகவே கீழே வருபவை அவரவர் பேசிய பேச்சே என்று தாங்கள் நம்பலாம். பிறர் பேச்சை அப்படியே போடுவது அலுவலக முறை அல்ல என்று இந்த மனுவை எழுதித் தருபவர் சொன்னார். பேச்சை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை என்றேன். எழுதச் சம்மதித்தார்.

2. சென்ற விடுமுறையில் என் மகன், குறைந்த கட்டணக் குடும்பக் கப்பல் பயணத்துக்கு எங்களைக் கூட்டிச் சென்றார். மகன், மருமகள், பேத்திகள் இருவர், மருமகளின் தாயாராகிய சம்பந்தி அம்மா, நான், என் மனைவி. என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கை விளங்காமல் போய்விட்டது. சக்கர நாற்காலியில்தான் எங்கும் போக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவை கப்பலின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைகள். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். அதில் கடல் இருந்தது.

3. பயணம் நன்றாக இருந்ததா என்று கேட்டால் எங்கள் நடைபாதையில் ஒரே பதில் கிடைக்காது. சம்பந்தி அம்மா ஏறிய அன்றே, "பீரோவுக்குள்ள படுக்க வெச்சுட்டுக் கப்பல்னு சொல்றாங்க. யாராவது கதவைத் தொட்டா, துணி எடுக்க வந்தாங்களோன்னு இருக்கு" என்றார். அதற்கு என் மருமகள், "அம்மா, நான் இங்க வந்து ஒரு தட்டு கழுவல. என்ன சமைக்கறதுன்னு யாரும் என்னைக் கேக்கல. எனக்கு இதுதான் சொர்க்கம், கெடுக்காதீங்க" என்றார்.

எதிர் அறையில் ஒரு பேருந்து ஓட்டுநர் குடும்பம். அவர், "எவனோ ஓட்டறான், நான் சாப்பிட்டுட்டுத் தூங்கறேன். எனக்கு எதுக்கு ஜன்னல்? கண்ணாடி வழியாப் பாத்துப் பாத்தே பாதி ஆயுசு போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அந்தப் பெண்மணி திரும்பி, "இவருக்கு லீவு. எனக்கு இல்லீங்க. குழந்தைங்களுக்கு விளையாட்டு அறை இருக்குன்னு விளம்பரத்துல பெருசாப் போட்டாங்க. இருக்கு, பூட்டி இருக்கு. ரெண்டு பசங்களை இந்த நடைபாதையில வெச்சு நான்தான் மேய்க்கறேன்" என்றார். அவர் சொன்னதும் உண்மை. அவருடைய கணவர் சொன்னதும் உண்மை.

விருந்து வீடுகளில் நாற்காலி போட்டு எடுத்த எனக்கு இது புதிதல்ல. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தவர் ஏற்பாடு பிரமாதம் என்பார். அடுப்புப் புகை வரும் பக்கம் உட்கார்ந்தவர் இவ்வளவுதானா என்பார். நாற்காலி ஒன்றுதான்.

4. ஆனால் ஒரு விஷயத்தில் எங்கள் நடைபாதை முழுவதும் ஒரே பேச்சு பேசியது. எங்கள் அறைகளைக் கவனித்த பணிப்பெண்ணைப் பற்றித்தான் சொல்கிறேன். அவர் துவாலையை முறுக்கி, மடித்து, முயல் போலச் செய்து படுக்கையில் வைப்பார். குழந்தைகள் அவரை முயல் அக்கா என்று கூப்பிட, சம்பந்தி அம்மாவுக்கும்கூட அதுவே வாயில் வந்துவிட்டது.

என் மனைவி நோய் வந்த பிறகு நல்ல கையையும் மடியில் போட்டே வைத்திருப்பாள். எதைச் செய்யச் சொன்னாலும், "ஒரு கையை வெச்சுக்கிட்டு என்னத்தைச் செய்ய" என்பாள். அந்தப் பெண் ஒரு காலையில் துவாலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க வலது கை, என் இடது கை. சேந்தா ஒரு முழு ஆளு ஆச்சேம்மா" என்றார். இருவருமாக ஒரு முயல் செய்தார்கள். ஒரு காது மேலே, ஒரு காது கீழே. என் மனைவி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்களை அப்பா அம்மா என்றே கூப்பிட்டு வந்த அந்தப் பெண்ணிடம், "இது முயலா, இல்ல உங்கப்பாவா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அதன் பிறகு தினமும் ஒரு முயல் ஆயிற்று. அறை துடைப்பதற்கு அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த நேரத்தில் அது செய்ய இடமில்லை. தம் சாப்பாட்டு நேரத்தில் வந்து செய்தார்.

5. இறங்கும் நாளில் நடந்ததைத் தாங்கள் கவனமாகப் பார்க்க வேண்டுகிறேன். கப்பல் வாசலில் ஒவ்வொரு நடைபாதைக்கும் ஒரு கம்பம் நட்டு, அதன்மேல் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். எங்கள் பெட்டியில் அந்தப் பெண்ணின் படம். படத்துக்குக் கீழே வரிசையாக முகங்கள். ஒரு முகம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது. அடுத்தது கொஞ்சம் சிரித்தது. அடுத்தது சும்மா இருந்தது. கடைசி முகம் அழுதது. மேலே ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அது கோடு.

என் அனுபவத்தில், ஒரு வீட்டிலிருந்து புறப்படும்போது கண் கலங்கினால்தான் அங்கே நன்றாக இருந்தோம் என்று பொருள். பல்லைக் காட்டிக்கொண்டு கிளம்புகிறவர், விட்டால் போதும் என்று கிளம்புகிறவர். என் தங்கை வீட்டிலிருந்து நான் அழாமல் வந்ததே இல்லை. என் மாமனார் வீட்டிலிருந்து ஒரு நாளும் அழுது வந்ததில்லை. ஆகவே, இந்தப் பெண்ணைப் பிரியும்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்று அந்தப் பெட்டி கேட்பதாக எடுத்துக்கொண்டேன். அழுதோம் என்பதையெல்லாம் மனுவில் போட வேண்டாம் என்கிறார் எழுதித் தருபவர். அம்மா, வழக்கே அதுதான். என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதுகொண்டிருந்தேன். அழுகிற முகத்தை அழுத்தினேன்.

ரேகை வைத்தே பழகியதால் எதை அழுத்தச் சொன்னாலும் எனக்குப் பெருவிரல்தான் முன்னே போகும். எனக்காக அழுத்தினேன். நாற்காலியிலிருந்து எட்டாத என் மனைவிக்காக அழுத்தினேன். மகன் பெட்டிகளோடு முன்னே போய்விட்டார். வீட்டுக்குப் பெரியவன் என்ற முறையில் அவருக்கும், மருமகளுக்கும், சம்பந்தி அம்மாவுக்கும், பேத்திகளுக்கும் சேர்த்து அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு மணி அடித்தது. நல்ல வார்த்தை சொன்னதற்கு நன்றி கூறுகிறது என்று எண்ணினேன். அந்தப் பெண் அப்போது குனிந்து என் மனைவியின் கால்களை நாற்காலிப் பலகையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பார்.

6. வீடு வந்த பிறகு கப்பல் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகன் கூடத்தில் நின்று படித்தார். எங்கள் நடைபாதையில் பயணிகள் மிகுந்த அதிருப்தி தெரிவித்திருக்கிறார்களாம். பொறுப்பான பணிப்பெண் நிறுத்தப்பட்டாராம். அவருடைய பணி அட்டை குறித்து முடிவு செய்யும்படி துறைமுக அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்களாம். வருத்தம் தெரிவிக்கும் வகையில் எங்கள் குடும்பத்துக்கு இன்னொரு பயணம் இலவசமாம், இம்முறை ஜன்னல் உள்ள அறையாம்.

"யாரு அந்த அழுமூஞ்சியை அமுக்கினது?" என்று மகன் கேட்டார். மருமகள், "நான் எதையும் அமுக்கல, பெட்டி தூக்கவே கை பத்தல" என்றார். சம்பந்தி அம்மா, "நான் குறை சொன்னது அறையை. அந்தப் பொண்ணை ஏன் சொல்லப் போறேன்?" என்றார். பேருந்து ஓட்டுநரிடம் தொலைபேசியில் கேட்டதில், "அதையெல்லாம் யாருங்க நின்னு அமுக்கிட்டு இருக்கறது" என்றாராம். பயணம் முழுக்க ஆளுக்கொரு கருத்துப் பேசிய நடைபாதையில், பெட்டிக்குக் கருத்துச் சொன்னவன் நான் ஒருவன்தான்.

நான் அழுத்தினேன் என்றும், ஏன் அழுத்தினேன் என்றும் சொன்னேன். மகன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்பா, உங்க கை ராசியான கைப்பா. ஓசியில ஒரு கப்பல் வாங்கிக் குடுத்துருச்சு" என்றார். பீரோவுக்குள் படுத்ததாகச் சொன்ன சம்பந்தி அம்மா அன்றைக்கே தம் பயணப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தார். என் மனைவி மட்டும், "அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். 

7. நான் கப்பல் நிறுவன அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தம்பி மரியாதையாகவே பேசினார். "தாத்தா, படிக்கத் தெரியாதவங்களுக்கும் வசதியா இருக்கணும்னுதான் முகம் வெச்சிருக்கோம். முகம் எல்லாருக்கும் தெரியுமில்ல?" என்றார். தெரியும், அதனால்தான் அழுத்தினேன் என்றேன். "பதிவானதை மாத்த எங்களால முடியாது. துறைமுகத்துல அட்டை குடுக்கற மேடத்துக்கு மனு போடுங்க" என்றார். அப்படித்தான் தங்கள் வாசலுக்கு வந்தேன்.

8. அந்தப் பெண் துறைமுகத்துக்குப் பின்னால், கப்பல் வேலைக்காரப் பெண்கள் தங்கும் விடுதியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். படுக்கை மேல் படுக்கை அடுக்கிய அறை. கீழ்ப் படுக்கையில் அவருடைய சீருடை மடித்து வைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, என் மனைவி உட்காரும் நாற்காலிக்கு இடம் ஒதுக்கினார். பிறகு நின்றுகொண்டே, "அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அம்மாவுக்கு நான் என்ன குறை வெச்சேன்? அன்னிலேருந்து யோசிக்கறேன், தெரியல. அதை மட்டும் சொல்லிருங்க" என்றார்.

அம்மா அவர்களே, எனக்கு எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேச்சு நினைவில் இருக்கிறது. மறக்க வேண்டும் என்று நான் நினைத்தது இது ஒன்றுதான்.

நான் விவரம் சொன்னேன். முதலில் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்து படுக்கையில் உட்கார்ந்து, "இதை நான் போய் எந்த ஆபீசுல சொல்ல? யாருப்பா நம்புவாங்க?" என்றார். அந்த அட்டை போனால் இந்தக் கப்பல் மட்டுமல்ல, எந்தக் கப்பலிலும் அவரை ஏற்ற மாட்டார்கள் என்று பக்கத்துப் படுக்கைப் பெண் சொன்னார். அவர் சம்பாத்தியத்தை எதிர்பார்த்து அவருடைய தாயாரும் தம்பியும் இருக்கிறார்கள்.

9. இந்த மனுவால் என் வீட்டில் அமைதி இல்லை. நான் சொன்னது பதிவானால் இலவசப் பயணம் கைவிட்டுப் போகும் என்று மகன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். "ஊரான் வீட்டுப் பொண்ணுக்காகப் பேத்திங்க ஆசையில மண்ணள்ளிப் போடறீங்க" என்பது அவர் கடைசியாகச் சொன்னது. அவரைக் குறை கூற நான் வரவில்லை. முதல் பயணத்துக்கும் அவர்தான் ஓடி ஓடி உழைத்தார். என் மருமகள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "போய்ச் சொல்லிருங்க மாமா. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார். ஆகவே இந்த ஒரு வரியைத் தாங்கள் படித்ததும் மறந்துவிட வேண்டுகிறேன்.

10. எனவே, மேற்படி பெட்டியில் அழுகிற முகத்துக்கு எதிரே பதிவானவை அனைத்தும் என் ஒருவனுடைய கையால் விழுந்தவை என்றும், அவை புகார் அல்ல என்றும் எழுதிக்கொண்டு, அந்தப் பெண்ணின் பணி அட்டையை ரத்து செய்யாமல் அவரிடமே விட்டருள வேண்டும். ஜன்னல் இல்லாத அறையும், பூட்டிய விளையாட்டு அறையும், நீண்ட சாப்பாட்டு வரிசையும் உண்மையான குறைகள். அவற்றைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நிறுவனம் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். அந்தக் கணக்கைத் துவாலை மடித்தவர் தலையில் எழுத வேண்டாம். எங்களுக்கு அளித்த இலவசப் பயணத்தில் எனக்கும் என் மனைவிக்கும் உள்ள இடங்களை நாங்கள் ஏற்கவில்லை. மற்றவர்கள் போவதும் போகாததும் அவர்கள் விருப்பம்.

நான் சொல்வதில் தங்களுக்கு ஐயம் இருந்தால், தாங்கள் கூப்பிடும் நாளில் என் மனைவியோடு வருகிறேன். இரண்டாம் மாடிக்கு நாற்காலியைத் தூக்க ஆள் கிடைக்காவிட்டால் தாங்கள் கீழே இறங்கி வர வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணையும் வரச் சொல்லுங்கள், ஒரு துவாலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மற்றதைத் தாங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

இடம்: துறைமுக அலுவலகப் படிக்கட்டு.
நாள்: அட்டை விசாரணைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை.

இப்படிக்கு, தங்கள் நல்ல முடிவுக்குக் காத்திருக்கும்
மனுதாரர்.

(முழுவதும் படித்துக் காட்டப்பட்டது. மனுதாரர் சரி என்று ஒப்புக்கொண்டு, கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்:)

கீழே இருப்பது என் வலது கைப் பெருவிரல் ரேகை. கப்பல் வாசலில் அழுத்தியதும் இதே விரல்தான். இதையும் பதிவாக எடுத்துக்கொள்ள வேண்டும்.