முந்நூறு ஜிஎஸ்எம் ஈறு

அனு அப்பாவுக்கு,

சாத்தூரில் அக்காவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுவேன். மொச்சைக் குழம்பு அடுப்பு மேலே இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

சண்டை போடத் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் வேலை பார்க்கிற அச்சு பிரஸ்ஸில் நடந்த பல் முகாமில் உங்கள் ஈறு தடிமன், என் ஈறு மெல்லிசு என்று டாக்டரம்மா சொன்னாலும் சொன்னார், பைண்டிங் ஆட்கள்வரை உங்கள் பெருமைதான். "ஏலே, நமக்கு முந்நூறு ஜிஎஸ்எம் தடி அட்டைலே! அவ வம்சமே வெறும் காலண்டர் தாளு!"

"ரெண்டுமே நல்ல ஈறுதாங்க, ஆளுக்கு ஆள் அப்படித்தான் இருக்கும்" என்று அதே வாயால் டாக்டரம்மா சொன்னது மட்டும் உங்கள் காதில் விழவில்லை.

அனுவுக்கும் என் ஈறுதான். அதைத் தடிமனாக்குவதற்கென்று நீங்கள் வாங்கிவந்த முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, இன்று காலையில் பிள்ளை ரத்தமாகத் துப்பினாள். பிரஷ்ஷைக் குப்பையில் போட்டுவிட்டேன். தேடி எடுக்க வேண்டாம்.

அப்பளம் சம்புடத்தில் இருக்கிறது.

இன்னொன்று. இந்தச் சீட்டே நேற்றைய காலண்டர் தாள்தான். மெல்லிசுதான். ஆனாலும் நல்ல நேரம் பார்க்க தினமும் நீங்கள் அதன் முன்னால்தான் போய் நிற்கிறீர்கள். பின்னால் இருக்கிற தடி அட்டை, வருஷம் முழுக்க ஆணியில் சும்மா தொங்குகிறது.